அட்டையில் பெயர்: இருபது டாலர் குறைவு

டெஸ்மண்டுக்கு அவசரம்.
தெருவில் அவன் வேன் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது.
"அம்மாவுடையது. நூற்றுப் பத்துப் பதினொன்று இருக்கும், எல்லாம் ஜாஸ்.
மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள்."

மொத்தமாக விலை சொல்கிறவன்
ஒன்று முட்டாள், இல்லை திருடன்.
நான் ஒவ்வொன்றாகத் திருடுகிறவன்.

பால்டிமோரில், மூன்று பளிங்குப் படி ஏறினால் வருகிற வீடு.
சோபாவைத் தூக்கிப்போன இடத்தில்
கம்பளத்துக்கு இன்னும் அதன் முதல் நிறம்.
அங்கேயே உட்கார்ந்து டார்ச்சை எடுத்தேன்.

முதலில் முகர்வேன். நிலவறை ஈரம் அடித்தால் பாதி விலை.
பிறகு தட்டை விளிம்பில் பிடித்து
வெளிச்சத்தைச் சாய்ப்பேன்.
நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் புதுசுதான்.

ஹெரன் கம்பெனி.
லேபிளில் சரடோகா தெரு என்றால் ஐம்பத்தேழுக்கு முன்,
ஹோவர்ட் தெரு என்றால் பின்.
நடுத்துளையைச் சுற்றி நகம் இறங்கும் பள்ளம்
அறுபத்தொன்றோடு நின்றது;
அந்த அச்சு பழைய இரும்புக்குப் போனது.
நாரைப் படத்தின் காலடியில்
குட்டி வட்டமும் உள்ளே ஓர் 'ஆர்' எழுத்தும் இருந்தால்
அறுபத்திரண்டு. அதற்கு ஒரு நாள்கூட முன்னால் இல்லை.

அட்டையை நம்பமாட்டேன்.
மறுபதிப்புக்கும் மிச்சமான பழைய அட்டையை மாட்டி அனுப்புவார்கள்.
பாட்டு தீர்ந்து லேபிள் தொடங்கும்வரை
ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கருப்பு உண்டு.
ஊசி அங்கே வேலையில்லாமல் சுற்றும்.
அங்கேதான் யாரோ கையால் கீறிய எண்.
அதற்குப் பொய் வராது.

முதல் தட்டு. ஐம்பத்தாறு.
அட்டையின் முதுகில் நீல மை, பள்ளிக்கூடச் சாய்வெழுத்து:
எர்லீன் காஸ்கின்ஸ்.
குறித்துக்கொண்டேன்: பெயர் இருக்கிறது, இருபது டாலர் குறைவு.

விருந்துக்குத் தூக்கிப்போகிற தட்டு
வீடு திரும்பவேண்டுமே என்று எல்லோரும் எழுதினார்கள்.
காஸ்கின்ஸ். காஸ்கின்ஸ். ஒன்றில் காப்பி வட்டம், காஸ்கின்ஸ்.
ஐம்பத்தெட்டில், ஹோவர்ட் தெருவில்,
காஸ்கின்ஸ் போய் டாலிவர் வந்தது.
'டி'யின் தலைக்கோடு அட்டையின் ஓரம்வரை ஓடியிருந்தது,
நிறுத்த மனமில்லாததுபோல.
இருபது டாலர் குறைவு.

"அப்பா போனது அறுபத்தாறில்," என்றான் டெஸ்மண்ட்,
நான் கேட்கவில்லை,
சுவரில் ஓர் ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"எனக்கு அஞ்சு வயசு. அன்று காலைவரை
அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. அப்படித்தான் சொல்வாள்."

சரிதான். அறுபத்தேழிலிருந்து
பால்பாயின்ட் பேனாவில் மறுபடி காஸ்கின்ஸ்.
கணக்கு நேராக இருந்தது.

பிறகு இது.
டெனர் சாக்ஸ், பியானோ, பாஸ், டிரம்ஸ்;
அட்டையில் நால்வரும் வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.
பள்ளம் இல்லை. நாரையின் காலடியில் வட்டம், உள்ளே ஆர்.
கருப்பில் எண், எண்ணுக்குப் பின்னால் ஒன்று. முதல் அச்சு.
முதுகில் மையில் எர்லீன் டாலிவர்.
பழக்கதோஷம், அட்டையிலும் டார்ச்சைச் சாய்த்தேன்.

மைக்கு அடியில் பென்சில்.
பென்சில்கூட இல்லை, ரப்பர் போட்டாயிற்று;
அழுத்தி எழுதிய பள்ளம் மட்டும்:
எர்லீன் காஸ்கின்ஸ்.

அறுபத்திரண்டுக்கு முன்னால் இந்தத் தட்டே கிடையாது.
அறுபத்தாறுக்குப் பின்னால் அவள் டாலிவர் எழுதவில்லை.
நடுவில் ஏதோ ஒரு சாயங்காலம்
தன் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறாள்.
பார்த்துவிட்டு
அழித்திருக்கிறாள்.

எந்த மாதம் என்று சொல்ல
என்னிடம் ஒரு குறியும் இல்லை.

ஆணி வந்துவிட்டது. கொஞ்சம் சுண்ணாம்பும்.
"அதில் என்ன அவ்வளவு நேரம்? விசேஷமா?"
"முதல் அச்சு," என்றேன்.

இரண்டு பெயருக்கு நாற்பது கழிக்கவேண்டும்.
இருபதுதான் கழித்தேன்.